அகம் காட்டிய நிழற்படம்

சென்னை இராயப்பேட்டை போன்ற பழம்பகுதிகளில் வீட்டுக் கூடத்துச் சுவர்களில் முன்னோரின் நிழற்படங்களைக் காணலாம். அவற்றுட் பலவற்றில் உருவம் உண்டு; உயிர்ப்பு இல்லை. முகத்தின் வாயிலாக உள்ளத்தையும் நிழற்படம் காட்டவல்லது என்பதைச் செய்து காட்டியவர்களுள் தலைசிறந்தவர் ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார்.

இவர் 1815 ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். 1838 இல் சார்லஸ் ஹே காமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். பத்தாண்டுகளுக்குப்பின் இங்கிலாந்து சென்று, 1860 முதல் வைட் தீவில் வாழ்ந்தார். 1863 ஆம் ஆண்டின் இறுதியில், கணவர் தம் காப்பித் தோட்டங்களைக் காண இலங்கைக்குச் சென்றிருந்தபொழுது, மகளும் மருமகனும் அம்மையாரின் தனிமையைப் போக்கக் கருதி நிழற்படக் கருவியொன்றைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது இவருக்கு வயது 48.

அக்காலத்தில் நிழற்படம் எடுத்தல் எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்து, உடனே இருட்டறையிற் கழுவுதல் வேண்டும். எதிரே அமர்ந்தவரும் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். அம்மையார் கோழிக் கொட்டிலைக் கண்ணாடி அறையாக்கினார். நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கைகளிலே கறை படிந்தது, தகடுகள் பாழாயின. எனினும் அவர் தளர்ந்திலர். 1864 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தது. அதனையே தம் முதல் வெற்றியாகக் கொண்டார்.

ஏனையோர் தூணும் திரைச்சீலையும் நாற்காலியும் வைத்து முழு உருவத்தைப் படம் பிடித்தனர். அம்மையாரோ முகத்தை அணுகினார். பின்புறம் இருண்டிருக்கச் செய்து, ஒரு பக்கத்தினின்று மட்டும் ஒளி விழச் செய்தார். கோடுகள் சற்றே மென்மையாகத் தோன்றுமாறு விட்டார். படங்கள் தெளிவற்றவை, கறை படிந்தவை என்று நிழற்படக் கலைஞர் பலர் இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சிக்கு அஞ்சி அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. நிழற்படத்தை மங்காது நிறுத்தும் உப்பின் இயல்பைக் கண்டறிந்த அறிஞர் ஜான் ஹெர்ஷலை, 1867 இல் அவர் எடுத்த படம் புகழ் பெற்றது. கரிய போர்வைக்கு மேலே வெண்ணரை ஒளிவிட, கண்கள் ஆழ்ந்து நோக்கும் அம்முகத்தில் ஒரு வாழ்நாளின் சிந்தனை முழுவதும் தெரிகின்றது. கவிஞர் டென்னிசனையும் அறிஞர் டார்வினையும் அவ்வாறே படம் பிடித்தார். தம் இல்லத்துப் பணிப்பெண் மேரி ஹில்லியரையும் அதே கருத்தோடு நோக்கி, கன்னி மரியாளின் கோலத்திலே காட்டினார்.

1875 இல் இக்குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்திற் காப்பிச் செடிகளை இலைநோய் தாக்கியது. தோட்டங்களின் வருவாய் குன்றியது. வெப்பமும் ஈரமும் மிக்க அந்நாட்டில் நிழற்படத் தொழிலும் அரிதாயிற்று. எனினும் அம்மையார் கருவியைக் கைவிடாமல், தோட்டத்தில் உழைத்தோரையும் ஊர்மக்களையும் படம் பிடித்தார். அப்படங்களுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றிற் காணப்படுவோருட் பெரும்பாலோரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அவர்தம் முகங்கள் பெருமிதத்தோடு நம்மை நோக்குகின்றன.

1879 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அம்மையார் இலங்கை மலைநாட்டில் இயற்கை எய்தினார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பெற்றார். இன்று படம் பிடிக்கும் கருவி பலர் கையிலும் உள்ளது. எதிரே நிற்பவர் அறிஞராயினும் ஏவலராயினும் அவரை மதித்து நோக்கும் கண்ணே நல்ல உருவப்படத்திற்கு முதற்கருவியாகும் என்பதை அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.