பேட்டரியில் சார்ஜ் நிற்கலையா? எடிசனையே பல வருஷம் பாடாய்ப் படுத்திய பிரச்சினை அது!

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் எல்லோருக்கும் பல்புதான் ஞாபகம் வரும். ஆயிரக்கணக்கான முறை தோற்று, அசராமல் நின்று ஜெயித்தவர் என்ற கதையும் கூடவே வரும். மோட்டிவேஷன் போஸ்டர்களில் அந்தக் கதைக்குப் பக்கத்தில் ஒரு பல்பு படம் கட்டாயம் இருக்கும்.

ஆனால், எடிசன் உயிரோடு இருந்தபோதே, 1910-ல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கதை பல்பைப் பற்றியதே இல்லை. 9,000 சோதனைகளுக்கு மேல் செய்தும் பலன் கிடைக்காத நிலையில் எடிசனைப் பார்த்ததாக அவருடைய கூட்டாளி வால்டர் மல்லோரி அதில் விவரிக்கிறார். அத்தனை சோதனையும் ஒரு பேட்டரிக்காக!

டிஜிட்டல் கேமராவை எடுத்து நாலு படம் பிடிப்பதற்குள் பேட்டரி சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டால் நமக்கு எவ்வளவு எரிச்சல் வருகிறது? கிட்டத்தட்ட இதே பிரச்சினைக்காக, உலகமே கொண்டாடிய ஒரு மனிதர் தன் தொழிற்சாலையையே நிறுத்தினார், விற்ற சரக்கைத் திரும்ப வாங்கினார். அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஆசிட் கொட்டியது, வேலை போனது

எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11. ஊர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள மைலான். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பாடம் சொல்லிக் கொடுத்தது அம்மா. 12 வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கத் தொடங்கினார். சின்ன வயதிலேயே காது கேட்பதும் குறைந்துவிட்டது. பதின்ம வயதில் தந்தி ஆபரேட்டர் ஆனார்.

அன்றைய தந்தி அலுவலகத்தில் மின்சாரம் என்றாலே பேட்டரிதான். ஜாடிகளில் ஆசிட், அதற்குள் உலோகத் தகடுகள். லூயிவில் நகரத்தில் இரவுப் பணியில் இருந்தபோது பேட்டரியை வைத்து ஏதோ சோதனை செய்யப்போய், ஆசிட்டைக் கொட்டிவிட்டார். அது பலகைத் தளத்தின் இடுக்கு வழியாக இறங்கி, கீழ்த்தளத்தில் இருந்த மேலதிகாரியின் மேஜை மேல் சொட்டியது. மறுநாள் வேலை காலி.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1876-ல் மென்லோ பார்க் ஆய்வகம், 1877-ல் போனோகிராஃப், 1879-ல் பல்பு, 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம். அந்தக் காலத்தில் எடிசனுக்கு ரீசார்ஜ் செய்யும் பேட்டரி மேல் துளியும் நம்பிக்கை இல்லை. முதலீட்டாளர்களை ஏமாற்றும் சமாச்சாரம் என்றே அதை நினைத்தார்.

1892-ல் அவருடைய மின்சார கம்பெனி வேறொரு கம்பெனியோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனது. பெயரிலிருந்து எடிசன் காணாமல் போனார். அடுத்து, தரம் குறைந்த பாறையிலிருந்து காந்தத்தால் இரும்பைப் பிரிக்கும் தொழிலில் இறங்கி, கையில் இருந்த பெரும் பணத்தை இழந்தார்.

50 வயதுக்கு மேல் ஒரு புது ரிஸ்க்

1900-ல் அமெரிக்காவில் பெட்ரோல் கார்களைவிட நீராவி கார்களும் மின்சார கார்களும்தான் அதிகம். பெட்ரோல் காரில் சத்தமும் புகையும் ஜாஸ்தி. ஒவ்வொரு முறையும் முன்னால் போய் நின்று, கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மின்சார காரில் அந்தத் தொல்லையே கிடையாது. அதற்கு இருந்த ஒரே பெரிய தலைவலி பேட்டரி.

1859-ல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான் அப்போது எல்லா இடத்திலும் இருந்தது. அது கனமானது. சார்ஜ் இறங்கிய நிலையில் சும்மா போட்டு வைத்தால் தகடுகளில் படிகம் கட்டி இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழையபடி ஏறாது.

எடிசன் எடுத்த முடிவு சிம்பிள்: ஈயமும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். ஒரு பக்கம் நிக்கல், மறுபக்கம் இரும்பு. நடுவில் ஆசிட்டுக்குப் பதிலாக பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசல். கிட்டத்தட்ட இதே நேரத்தில் ஸ்வீடனில் வால்டெமார் யுங்னர் என்ற பொறியாளரும் நிக்கல்-கேட்மியம், நிக்கல்-இரும்பு பேட்டரிகளில் இறங்கியிருந்தார். இருவருக்கும் இடையே காப்புரிமைச் சண்டையே நடந்தது.

விற்ற பிறகு வெடித்த பிரச்சினை

1901-ல் எடிசன் பேட்டரி கம்பெனியைத் தொடங்கினார். 1903 வாக்கில் ஈ டைப் என்ற பேட்டரி விற்பனைக்கு வந்தது. புதிய பேட்டரியைப் பற்றி அதற்கு முன்பே பத்திரிகைகளில் பெரிய பில்டப். டெலிவரி வண்டிகள் வைத்திருந்தவர்கள் நம்பி வாங்கினார்கள்.

சில மாதங்களில் புகார்கள் வரத் தொடங்கின. சில செல்களில் கரைசல் கசிந்தது. அதைவிட மோசம், பல செல்களில் கொள்ளளவு குறைந்துகொண்டே போனது. முழுசாக சார்ஜ் போட்டாலும் முன்பு ஓடிய தூரம் வண்டி ஓடவில்லை.

இத்தனைக்கும் ஆர்டர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பரவாயில்லை, இதுவே போதும் என்று சொன்ன வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கலாம். ஆனால் எடிசன் உற்பத்தியை நிறுத்தினார். பழுதான பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இரும்புத் தொழிலில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவருக்கு அது சின்ன செலவு இல்லை. பெயர் கெட்டது தனி.

சார்ஜ் ஏன் குறைந்தது?

கசிவுக்குக் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். செல் டப்பாவின் ஈயப்பற்று இணைப்புகள் காரக் கரைசலைத் தாங்கவில்லை. அதற்கு வெல்டிங் பதில் சொன்னது.

கொள்ளளவு குறைந்ததுதான் பெரிய புதிர். நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் அதோடு கிராஃபைட் துகள்களைக் கலந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் நிக்கல் பொருள் உப்பும், சுருங்கும். கொஞ்சம் கொஞ்சமாக கிராஃபைட்டோடு இருந்த தொடர்பு விட்டுப்போகும். பேட்டரிக்குள் சரக்கு அப்படியே இருக்கும், ஆனால் அதை எட்டிப்பிடிக்க மின்சாரத்துக்கு வழி இருக்காது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் கயிறு அறுந்த கதைதான்.

அடுத்த ஐந்து வருஷம் இந்தக் கயிற்றைத் தேடித்தான் போனது. கிடைத்த பதில் ஆச்சரியமானது. செம்பு, நிக்கல் என்று மாற்றி மாற்றி மெல்லிய பூச்சு போட்டு ஒரு தகடு செய்தார்கள். அதைப் பொடிசாக வெட்டி, செம்பை மட்டும் கரைத்தார்கள். மிஞ்சியது காற்றில் பறக்கும் அளவுக்கு லேசான நிக்கல் இழைத்தாள்கள். துளை போட்ட பென்சில் பருமன் இரும்புக் குழாய்களில் நிக்கல் ஹைட்ராக்சைடு ஒரு அடுக்கு, இந்த நிக்கல் தாள் ஒரு அடுக்கு என நூற்றுக்கணக்கான அடுக்குகளை இறுக்கி அடைத்தார்கள். இனி உப்பினாலும் சுருங்கினாலும் தொடர்பு அறாது. கரைசலில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் கொள்ளளவு இன்னும் கூடியது.

சோதனையும் லேசுப்பட்டது இல்லை. பேட்டரியைத் தூக்கித் தூக்கிப் போடும் இயந்திரம் வைத்தார்கள். மோசமான சாலைகளில் வண்டியில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். 1909-ல் ஏ டைப் பேட்டரி சந்தைக்கு வந்தபோது எடிசனுக்கு வயது 62.

ஜெயித்தார், ஆனால் லேட்

இடைப்பட்ட காலம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1908-ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்துவிட்டது. இந்த ஃபோர்டு, ஒரு காலத்தில் டெட்ராய்ட்டில் எடிசன் பெயரில் இயங்கிய மின்சார கம்பெனியில் பொறியாளராக இருந்தவர், எடிசனின் தீவிர ரசிகர். 1912 மாடல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரும் வந்தது. கைப்பிடி சுற்றும் வேலை ஒழிந்ததும், மின்சார காரின் பெரிய பலமும் போனது.

அந்த ஸ்டார்ட்டருக்காவது எடிசன் பேட்டரி பயன்பட்டதா? இல்லை. ஒரு நொடியில் பெரிய அளவு மின்சாரத்தைக் கொட்டித் தருவதில் ஈய-அமில பேட்டரிதான் கெட்டி. குளிரிலும் எடிசன் பேட்டரி சுணங்கியது. எடிசன் பேட்டரியோடு விலை குறைந்த மின்சார கார் கொண்டுவரப்போவதாக 1914-ல் ஃபோர்டு தரப்பிலிருந்து பேச்சு வந்தது. அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை.

இன்னொரு குறையும் இருந்தது. சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும். உள்ளே இருக்கும் இரும்பு கரைசலோடு மெதுவாக வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். சார்ஜ் போடும்போது அந்த வாயு இன்னும் அதிகம். 1916 ஜனவரியில் நியூயார்க் கடற்படைத் தளத்தில், எடிசன் பேட்டரி பொருத்திய ஈ-2 நீர்மூழ்கிக் கப்பலில் ஹைட்ரஜன் வெடித்து உயிர்கள் பலியாயின. எடிசன் வாழ்க்கையின் இருண்ட பக்கங்களில் அதுவும் ஒன்று.

ஆனாலும் பேட்டரி தோற்றுப்போகவில்லை. எதிர்பார்க்காத இடங்களில் ஜெயித்தது. ரயில்வே சிக்னல், ரயில் பெட்டி விளக்கு, சுரங்கத் தொழிலாளர்களின் தலை விளக்கு, டெலிவரி வண்டி என முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினாலும் வருஷக்கணக்கில் உழைத்தது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்களில் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்கினார்கள். கடைசிக் காலத்தில் எடிசனுக்கு நல்ல லாபம் தந்த தொழில்களில் இதுவும் ஒன்று. 1931 அக்டோபர் 18 அன்று, 84 வயதில், நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் எடிசன் காலமானார்.

உங்கள் கேமராவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சொந்தமே உண்டு. பல டிஜிட்டல் கேமராக்களிலும் ஃபிளாஷ்களிலும் போடும் பென்டார்ச் செல் அளவு ரீசார்ஜ் பேட்டரி, நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. அதன் பாசிட்டிவ் பக்கத்தில் இன்றும் நிக்கல் ஹைட்ராக்சைடுதான், கரைசலும் அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான். சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும் குணமும் அந்தக் குடும்ப வியாதி. 2005-ல் ஜப்பானின் சான்யோ, எனெலூப் என்ற பேட்டரியில் அதைப் பெருமளவு குறைத்தது.

எடிசன் கண்ட மாதிரியே, சார்ஜ் நிற்கவில்லை என்ற ஒரே புகாருக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். எது உங்கள் கேஸ்?

* நேற்று ஃபுல், இன்று நன்றாக ஓடுகிறது. மூன்று வாரம் பையில் கிடந்தால் காலி: இது தானாக இறங்கும் சார்ஜ். பழைய வகை நிக்கல் செல்லாக இருந்தால், சார்ஜ் தாங்கும் புது வகைக்கு மாறுங்கள். அதுவரை, படம் எடுக்கும் முந்தைய நாள் சார்ஜ் போடுங்கள்.
* சார்ஜ் போட்ட உடனே பயன்படுத்தினாலும் படங்கள் குறைவு: கொள்ளளவே தேய்ந்துவிட்டது. லித்தியம்-அயன் பேட்டரிக்கும் இதுதான் முதுமை. புதுசு வாங்குவதே வழி.
* பிளாட்டில் ஓகே, மலைப் பிரதேசத்தில் அவுட்: குளிரின் வேலை. உதிரி பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள். வெப்பம் ஏறினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.
* ஃபுல் சார்ஜ் போட்டும் கேமரா ஆன் ஆகவில்லை: மின்முனைகளில் அழுக்கு இருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.
* பேட்டரி உப்பியிருக்கிறது: சோதனையே வேண்டாம். உடனே பயன்பாட்டை நிறுத்தி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

லித்தியம்-அயன் பேட்டரியை மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால், பாதி சார்ஜில், சூடு படாத இடத்தில் வைப்பது நல்லது. முழு சார்ஜும், அடியோடு காலியும் இரண்டுமே அதன் ஆயுளைக் குறைக்கும்.

புது பேட்டரிக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் இந்தப் பட்டியலை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க எடிசனுக்கு ஐந்து வருஷம் ஆனது, உங்களுக்கு ஐந்து நிமிஷம் போதும்.