பயாஸுக்குப் பெயர் வைத்தவர்

கடத்தூரில் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடணும்னா முதல்ல என்ன செய்வோம்? ஆன் பண்ணதும் டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள்ள போய், பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க்குக்கு முன்னாடி பென்டிரைவை வைப்போம். அந்த பயாஸ் என்ற பெயர் கேரி கில்டால் வைத்தது.

1942ல் சியாட்டிலில் பிறந்தவர். அப்பா மாலுமிகளுக்குப் பாடம் நடத்தும் பள்ளி வைத்திருந்தார். மகன் மான்டரே கடற்படைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியார். 1974ல் சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். அப்போ ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு மாதிரி. மெஷின் மாறினால் சிஸ்டத்தையும் திருத்தணும். கீபோர்டு, டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் கில்டால் தனியாகப் பிரித்தார். அதுதான் பயாஸ். அதை மாற்றி எழுதினால் போதும், மீதி அப்படியே ஓடும்.

1980ல் ஐபிஎம் ஆட்கள் தேடி வந்தபோது அவர் சொந்த விமானத்தில் வெளியூர் போயிருந்தார். ஜாலியாகப் பறந்து கோட்டை விட்டார்னு இன்னும் சொல்றாங்க. அநியாயம், போனது தொழில் விஷயமாக. பேரம் படியவில்லை. சிபி/எம் மாதிரியே வேறொருவர் எழுதியிருந்த சிஸ்டத்தை வாங்கி மைக்ரோசாஃப்ட் முந்திக்கொண்டது. பிறகு ஐபிஎம் இரண்டையும் விற்றது: சிபி/எம் 240 டாலர், டாஸ் 40 டாலர். எது போணியாகும்?

1994 ஜூலை 11ல், 52 வயதில் கில்டால் இறந்தார். இப்போதைய லேப்டாப்பில் இருப்பது யுஇஎஃப்ஐ. சர்வீஸ் கடையில் அதையும் பயாஸ்னுதான் சொல்றாங்க.