ஊமைப் பூவின் மணம்

மூன்றாம் முறையும் என் ரசாயனச் சோதனை தோற்ற அன்று, எட்மண்ட் ருட்னிட்ஸ்காவை நினைத்துக்கொண்டேன்.

1905-இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்த அவர் நறுமணக் கலைஞர். ரோஜாவிலும் மல்லிகையிலும் மணநெய் எடுக்கலாம். 'மியூகே' என்னும் சிறு வெண்மணிப் பூவோ தன் மணத்தை நெய்யாகத் தருவதில்லை. அவர் சோர்ந்தாரில்லை. கிராஸ் நகரை அடுத்த காப்ரியில், தம் தோட்டத்திலேயே அப்பூவை வளர்த்தார். முகர்ந்து முகர்ந்து பயின்றார். ஹைட்ராக்சிசிட்ரோநெல்லால் முதலிய பொருள்களைக் கூட்டி அம்மணத்தையே படைத்தார்.

கிறிஸ்தியான் தியோரின் நிறுவனம் 1956-இல் அதைத் 'தியோரிசிமோ' என்று வெளியிட்டது. அப்பூவை உயிராய் நேசித்த தியோர் மறு ஆண்டே மறைந்தார். ருட்னிட்ஸ்கா 1996 வரை வாழ்ந்தார்.

நண்பர்களே! பூ கொடுக்க மறுத்ததைப் பொறுமை கொடுத்தது. நாளை நான்காம் முறையாகக் குடுவையைக் கையில் எடுப்பேன்.