முயல் குடலில் பிடிபட்ட விஷம்

வாந்திபேதி என்றாலே ஒரு காலத்தில் ஊர் கதிகலங்கும். காலையில் நடமாடியவர் மாலையில் சுடுகாடு போய்ச் சேருவார். நோயை உண்டாக்குவது வளைந்த உருவமுள்ள ஒரு கிருமி என்று ஜெர்மானியரான ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் உறுதி செய்தார். சரி, அது ஆளைக் கொல்வது எப்படி? விடை கிடைக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. கண்டவரும் கல்கத்தாக்காரர்தான்: டாக்டர் சம்புநாத் டே.

1915-ல் ஹூக்ளி ஜில்லா கிராமமொன்றில், வசதியற்ற குடும்பத்தில் பிறந்தவர். படித்து டாக்டராகி, லண்டனில் 1949-ல் பிஎச்.டி. பட்டம் பெற்றுத் திரும்பினார். கல்கத்தாவில் அவருக்கு வாய்த்த ஆராய்ச்சி வசதி சொற்பமே.

பேதி குடலில்தானே நடக்கிறது, அங்கேயே பார்ப்போம் என்பது அவர் யோசனை. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, உள்ளே காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு நீர் கோத்து உப்பியிருந்தது! இது 1953-ல். பிறகு கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத தெளிவை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆக, கிருமி கக்கும் விஷமே உடம்பின் நீரை வெளியே இழுக்கிறது. 1959-ல் 'நேச்சர்' பத்திரிகையில் சிறு கட்டுரையாக இது வெளிவந்தது.

மேல்நாட்டு விஞ்ஞானி லெடர்பர்க் இவரை நோபல் பரிசுக்குச் சிபாரிசு செய்தார். பரிசு வரவில்லை. உள்நாட்டிலும் பெரிய கௌரவம் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. இது நமக்குப் பெருமையல்ல. 1985-ல் காலமானார்.

அவர் கண்ட விஷத்துக்கு ஒரு மரபணு உண்டு. கிருமியையே தொற்றும் ஒரு வைரஸ்தான் அதைச் சுமந்து வந்து சேர்க்கிறது என்று 1996-ல் தெரிந்தது. மரபணு எல்லா ரகத்திலும் அச்சு அசலாக ஒன்றல்ல. பழைய 'கிளாசிக்கல்' ரகத்துக்கும் பின்னால் பரவிய 'எல்டார்' ரகத்துக்கும் விஷத்தின் ஒரு பாகத்தில் இரண்டே இடங்களில் வித்தியாசம். பிற்பாடு கல்கத்தாவில் பார்த்தால், எல்டார் கிருமி கிளாசிக்கலின் மரபணுவை வைத்துக்கொண்டிருந்தது!

லாரித் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 1992-ல் சென்னையில் 'ஓ139' என்ற புது ரகம் தலைகாட்டியது. மேலுறை புதிது என்பதால், பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. உள்ளே இருந்ததோ டே கண்ட அதே விஷம்.