ஹுலூசி பெஹ்செட்

ஹுலூசி பெஹ்செட் (பெப்ரவரி 20, 1889 - மார்ச் 8, 1948) துருக்கியைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் ஆவார். மீண்டும் மீண்டும் தோன்றும் வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி ஆகியன ஒரே நோயின் வெளிப்பாடுகள் என்பதை 1937 இல் எடுத்துரைத்தார். அந்நோய் இவர் பெயரால் பெஹ்செட் நோய் என அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஒட்டோமான் பேரரசின் தலைநகராக விளங்கிய இஸ்தான்புல்லில் பிறந்தார். இளவயதிலேயே தாயை இழந்ததால் பாட்டியால் வளர்க்கப்பட்டார். தந்தையின் வணிகம் காரணமாக டமாஸ்கஸ் நகரில் தொடக்கக் கல்வி பயின்றார். பிரெஞ்சு, இலத்தீன், ஜெர்மன் மொழிகளைக் கற்றிருந்தார். 1910 இல் மருத்துவப் படிப்பை முடித்து, தோல் நோய், பால்வினை நோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றார். முதலாம் உலகப் போரின்போது எடிர்னே இராணுவ மருத்துவமனையில் பணியாற்றினார். போருக்குப் பின் புடாபெஸ்ட், பெர்லின் நகரங்களில் மேற்பயிற்சி பெற்று நாடு திரும்பினார்.

மருத்துவப் பணி

1933 இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் சீரமைக்கப்பட்டபோது அங்கு தோல்நோய்த் துறையை நிறுவினார். 1934 இல் துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் இயற்றப்பட்டபின், தந்தையின் பெயரான பெஹ்செட் என்பதையே குடும்பப் பெயராகக் கொண்டார். மேகநோய், லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் ஏற்படும் தோல் புண், அத்தி மரத்தினால் உண்டாகும் தோல் அழற்சி ஆகியவை பற்றியும் ஆய்வு செய்துள்ளார்.

நோயை இனங்காணல்

1920களின் நடுப்பகுதியில் இவரிடம் வந்த நோயாளி ஒருவர், இஸ்தான்புல்லிலும் வியன்னாவிலும் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தும் குணமடையாதவர். பிறர் மேகநோய் அல்லது காசநோய் என ஐயுற்றனர். 1930 இலும் 1936 இலும் அதே அறிகுறிகளுடன் மேலும் இருவரைக் கண்ட பெஹ்செட், இது தனியொரு நோய் என்ற முடிவுக்கு வந்தார். 1937 இல் ஜெர்மன் தோல்நோய் இதழொன்றில் இதனை வெளியிட்டார். கிரேக்கக் கண் மருத்துவர் பெனடிக்டோஸ் அடமன்டியாடிஸ் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி முன்னரே எழுதியிருந்ததால், இருவர் பெயரையும் இணைத்து வழங்குவதும் உண்டு.

கண் மருத்துவர்கள் பெஹ்செட்டின் கருத்தை விரைவில் ஏற்றனர். தோல்நோய் மருத்துவர்களில் பலர் தயங்கினர். 1947 இல் பன்னாட்டு மருத்துவ மாநாடு ஒன்றில், சூரிச் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையின் பேரில் நோய்க்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டே மாரடைப்பால் இறந்தார். 1975 இல் துருக்கியின் அறிவியல் ஆய்வு நிறுவனம் இவருக்கு மறைவுக்குப் பிந்தைய விருது வழங்கியது.

இன்றைய புரிதல்

இந்நோய்க்குத் தீநுண்மம் (வைரஸ்) காரணமாகலாம் என பெஹ்செட் கருதினார். அது உறுதிப்படவில்லை. உடலின் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு அளவுக்கு மீறித் தூண்டப்படுவது முக்கியக் கூறு என இன்று கருதப்படுகிறது. உள்ளார்ந்த நோயெதிர்ப்பு என்பது, கிருமியை முன்பின் அறிந்திராத நிலையிலும் உடனடியாகச் செயற்படும் முதல் காவல் ஆகும். அதில் பங்குபெறும் நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்கள் இந்நோயில் மிகையாகச் செயற்பட்டுத் திசுக்களையே சிதைக்கின்றன. நோயாளிகள் சிலருக்கு முன்கையில் ஊசியால் குத்தினாலே, ஓரிரு நாளில் அவ்விடத்தில் கொப்புளம் எழுவது இதற்குச் சான்றாகும். நோயறிதலுக்கும் இச்சோதனை பயன்படுகிறது. எச்.எல்.ஏ-பி51 எனும் மரபணு வகை கொண்டோரிடம் நோய்வாய்ப்பு மிகுதி. துருக்கி முதல் ஜப்பான் வரை, பண்டைய பட்டுப் பாதையை ஒட்டிய நாடுகளில் நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

வாய்ப்புண் அடிக்கடி வருவோரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் இருப்பதில்லை. எனினும் அதனுடன் பிறப்புறுப்புப் புண்ணோ கண் சிவப்போ சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் இரண்டையும் கூறுவது இன்றியமையாதது. உரிய மருத்துவமின்றி விட்டால் கண் அழற்சி பார்வையிழப்பில் முடியக்கூடும். நோயின் காரணத்தை பெஹ்செட் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அறிகுறிகளை ஒருங்கே நோக்கும் அவரது முறையே இன்றும் நோயறிதலின் அடிப்படையாக உள்ளது.