நிழலை அளந்த மகாவீராசாரியர்

பகவான் வர்த்தமானரின் திருப்பெயரைத் தாங்கிய கணித மேதை ஒருவர் நம் சமயத்தில் தோன்றினார். இராட்டிரகூட மன்னர் அமோகவர்ச நிருபதுங்கர் (கி.பி. 814–878) காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியரே அவர். கி.பி. 850ஐ ஒட்டிக் 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார். நூலின் தொடக்கத்தில் தீர்த்தங்கரரை வணங்கி மன்னரைப் போற்றும் இவர், தம் குலமும் ஊரும் கூறினாரில்லை.

அக்காலத்தில் கணிதம் பெரும்பாலும் வானநூலின் உறுப்பாகவே கற்பிக்கப்பட்டது. ஆசாரியரோ கணிதத்திற்கென்றே தனிநூல் செய்தார். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று கண்டு கூறியவர் அவர். ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அது மாறாது என்றது மட்டும் பிழை; நம்மவர் என்பதற்காக அதனை மறைக்க வேண்டுவதில்லை.

நூலின் ஒன்பதாம் அதிகாரம் நிழற் கணக்கு. நிழலைக் கொண்டு பகற்பொழுதை அறிதல், தூணின் உயரம் காணல், நிழல் சுவரில் ஏறி விழுந்தால் செய்வது யாது என்பனவெல்லாம் அதில் உள்ளன. மாந்தரின் உயரம் தம் பாதத்தைப் போல் ஏழு மடங்கு என்பது அங்கு கொள்ளப்படும் அளவு.

சிங்காநல்லூரிலிருந்து விசயமங்கலம் சந்திரப்பிரப தீர்த்தங்கரரைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். நெட்டைக் கோபுரம் என்றே மக்கள் வழங்கும் கோயிலன்றோ அது! வெயிலில் நின்று உங்கள் நிழலை உங்கள் பாதத்தாலேயே அளவுங்கள். அஃது ஐந்து பாதம் எனின், உயரத்திற்கும் நிழலுக்கும் உள்ள விகிதம் ஏழுக்கு ஐந்து. அந்நேரமே கோபுர நிழலையும் அளக்க வேண்டும். தாமதித்தால் நிழல் நகர்ந்துவிடும். அது 50 பாதம் எனக் கொண்டால், உயரம் 70 பாதம். கோபுரத்தின் உச்சி நடுவில் இருப்பதால், சுவரடியிலிருந்து அளப்போர் அடித்தளத்தின் பாதி அகலத்தையும் நிழலோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும். ஏழு மடங்கு என்பது எல்லார்க்கும் பொருந்தாதாகையால், அளவறிந்த கோலை நட்டு அளப்பதே திட்பமானது. ஏணியும் வேண்டா, திருக்கோபுரத்தின் மீது கால் வைக்கவும் வேண்டா.

பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். பின்னர் நெடுங்காலம் ஏடுகளிலேயே கிடந்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தில் இருந்த குறைப்பட்ட ஏடுகளைப் பிற ஏடுகளோடு ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். 1912இல் சென்னை அரசாங்க அச்சகத்தில் அது வெளிவந்த பின்னரே உலகக் கணித அறிஞர்கள் மகாவீராசாரியரின் பெருமையை உணர்ந்தனர்.