ஹாலோவீனுக்கு பேய்க்கதை தேடுறீங்களா? கடலூரில் பிறந்த புதுமைப்பித்தனை முதல்ல படிங்க!

அக்டோபர் கடைசி வாரம் வந்தாலே போதும், ரீல்ஸ் முழுக்க பூசணிக்காய் முகங்கள்தான். அக்டோபர் 31 ஹாலோவீன். அதையொட்டி 'இந்த சீசனில் படிக்க வேண்டிய திகில் நாவல்கள்' என்று பட்டியல்களும் வரிசை கட்டும். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் வெளியிட்ட 'டிராகுலா', மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்', அப்புறம் ஸ்டீபன் கிங். வருஷா வருஷம் கிட்டத்தட்ட இதே பெயர்கள்தான்.

இதில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 1940-களிலேயே தமிழுக்குக் கொண்டுவந்த ஒருவர் இருக்கிறார். அவர் பிறந்தது கடலூரில். தமிழின் மிகச் சிறந்த பேய்க்கதை எது என்று இலக்கிய வாசகர்களிடம் கேட்டால், பெரும்பாலானோர் சொல்லும் 'காஞ்சனை' சிறுகதையை எழுதியதும் அவர்தான். பெயர் புதுமைப்பித்தன். 42 வயதில் முடிந்துபோன அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்தக் கதைகளின் பயம் வேறு மாதிரி புரியும்.

யார் இந்த விருத்தாசலம்?

பெண்ணாடத்துக்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பக்கத்து ஊர். எழும்பூரில் ரயில் ஏறினால் விழுப்புரம், விருத்தாசலம், அப்புறம் பெண்ணாடம். புதுமைப்பித்தனின் இயற்பெயரும் விருத்தாசலம்தான். சொ. விருத்தாசலம். எழுதிய காலத்தில் சொ.வி. என்ற சுருக்கப் பெயரும் அவருக்குப் புழக்கத்தில் இருந்தது.

பிறந்தது 1906 ஏப்ரல் 25, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். பூர்வீகம் திருநெல்வேலி. அப்பா சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறை அதிகாரி. அந்த வேலையால்தான் குடும்பம் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. டிரான்ஸ்ஃபர் வரும்போதெல்லாம் பையனுக்கும் பள்ளிக்கூடம் மாறும். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று அவருடைய ஆரம்பப் படிப்பு மூன்று ஊர்களில் நடந்தது.

எட்டு வயதில் அம்மா பர்வதத்தம்மாள் இறந்துபோனார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். அந்த வீட்டில் விருத்தாசலத்துக்குக் கடைசிவரை ஒட்டவே இல்லை. 1918-ல் அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் படித்து, 1931-ல் பி.ஏ. முடித்தார். அப்போது வயது 25. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவுடன் திருமணமும் அந்தக் காலகட்டத்தில்தான் நடந்தது.

பி.ஏ. படித்த பையன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவான் என்பதுதான் அந்தக் காலத்து வீடுகளின் கணக்கு. இவர் எழுத்து என்று கிளம்பினார். 1933-ல் 'காந்தி' இதழில் முதல் படைப்பு வந்தது. 1934-ல் 'மணிக்கொடி' இதழில் கதைகள் வர ஆரம்பித்ததும் பெயர் பேசப்பட்டது. கூடவே சென்னை வாழ்க்கையும் ஆரம்பமானது. கையில் காசு தங்காத வாழ்க்கை அது. மனைவி பெரும்பாலும் திருவனந்தபுரத்தில், இவர் சென்னையில். அந்தப் பிரிவில் எழுதிய கடிதங்கள் பிற்பாடு 'கண்மணி கமலாவுக்கு' என்ற புத்தகமாகவே வந்தன.

பகலில் செய்தி, ராத்திரியில் பேய்

1930-களின் நடுவிலிருந்து 1943 வரை அவர் தினமணியில் உதவி ஆசிரியர். இன்றைய மொழியில் சொன்னால் டெஸ்க் வேலை. வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது, திருத்துவது, தலைப்பு வைப்பது. உலகப் போர் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. முசோலினி, ஹிட்லர் பெயர்கள் தினமும் மேஜைக்கு வந்துகொண்டே இருந்தன.

அந்த முசோலினியைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு வைத்த பெயர் 'பாஸிஸ்ட் ஜடாமுனி'. ஜடாமுனி என்பது நம்மூர் மக்கள் பயந்து கும்பிடும் உக்கிரமான காவல் தெய்வம். இத்தாலியின் சர்வாதிகாரியை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தவருக்கு, தமிழர்களின் பயப் பட்டியலிலேயே பொருத்தமான பெயர் கிடைத்துவிட்டது. ஹிட்லரைப் பற்றிய புத்தகத்துக்கு 'கப்சிப் தர்பார்' என்று பெயர். யாரும் வாய் திறக்க முடியாத ஆட்சி என்பது தலைப்பிலேயே வந்துவிடுகிறது.

பேய் என்பது புளியமரத்தில் மட்டும் இருக்கும் விஷயம் கிடையாது என்பது அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அதிகாரத்திலும் பசியிலும் தனிமையிலும் அது இருக்கிறது.

'பிரேத மனிதன்': தலைப்பிலேயே ஒரு திருத்தம்

'ஃபிராங்கன்ஸ்டைன்' பிறந்த கதையே ஒரு பேய்க்கதை மாதிரிதான். 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. சாம்பல் வானத்தை மூடியதால் 1816-ல் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. ஜெனிவா ஏரிக்கரையில் மழையில் மாட்டிக்கொண்ட சில நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று போட்டி வைத்தார்கள். அதில் 18 வயது மேரி எழுத ஆரம்பித்ததுதான் இந்த நாவல்.

இந்த நாவலில் இன்றுவரை எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பிணங்களைத் தைத்து உயிர் கொடுத்த விஞ்ஞானியின் பெயர். அவன் படைத்த உருவத்துக்குப் பெயரே கிடையாது. ஆனால் உலகமே அந்த உருவத்தைத்தான் ஃபிராங்கன்ஸ்டைன் என்று கூப்பிடுகிறது.

புதுமைப்பித்தன் தமிழில் வைத்த தலைப்பு 'பிரேத மனிதன்'. விஞ்ஞானியை விட்டுவிட்டு, படைக்கப்பட்டவனையே தலைப்பில் நிறுத்திவிட்டார். பிரேதம் என்றால் பிணம், கூடவே மனிதன். யாருமே மனிதனாக ஏற்றுக்கொள்ளாத ஒரு ஜீவனுக்கு, தமிழ் அட்டையில் அந்த வார்த்தை கிடைத்தது. இரண்டே சொற்களில் குழப்பமும் தீர்ந்தது.

'காஞ்சனை' ஏன் இன்னும் பயமுறுத்துது?

முதலில் ஒரு விளக்கம். 2011-ல் வந்த ராகவா லாரன்ஸ் படமான 'காஞ்சனா' வேறு, இந்தக் 'காஞ்சனை' வேறு.

இந்தக் கதை வெளியான ஆண்டு 1943. அதற்கு முந்தைய வருஷம்தான் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு காலியானது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. செய்தித்தாளில் சாவு எண்ணிக்கையாக வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரே ஒரு வீட்டுக்குள் நடக்கும் கதையை அவர் எழுதினார்.

கதை இதுதான். ஓர் எழுத்தாளர், அவருடைய மனைவி. ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பவருக்கு, எங்கிருந்தோ ஒரு வாசனை வருகிறது. மறுநாள் பிச்சை கேட்டு வாசலுக்கு வந்த பெண்ணை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறார். அவளுடைய கால் தரையில் படவில்லையோ என்று கணவருக்கு ஒரு நொடி தோன்றுகிறது. திரும்பப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு ராத்திரி, மனைவியின் கழுத்தில் ஒரு துளி ரத்தம். இதற்கு மேல் சொன்னால் ஸ்பாய்லர்.

இதில் பாழடைந்த பங்களா கிடையாது, அலறல் சத்தம் கிடையாது. ஒரு சாதாரண நடுத்தர வர்க்க வீடு. படித்த, பகுத்தறிவு பேசும் ஒரு மனிதர். அவருக்குப் பேய் மீது நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் வருகிறது. கதையின் மொத்த பலமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம்பிக்கை வேறு, பயம் வேறு. அறிவு ஒன்று சொல்லும், ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு வேறொன்று சொல்லும். ஹாரர் படம் பார்த்துவிட்டு பாத்ரூம் போக யோசித்த எல்லோருக்கும் இது தெரியும்.

நடந்தது நிஜமா, பிரமையா என்பதற்குக் கதையில் பதில் கிடையாது. எழுதி எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது பழசாகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வரிசையில் படிக்கலாம்?

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரயிலிலேயே படித்துவிடலாம். கடலூர், சிதம்பரம், பெண்ணாடம் பயணத்துக்கு இந்த வரிசை சரியாக இருக்கும்.

முதலில் 'காஞ்சனை'. அடுத்து 'செவ்வாய் தோஷம்'. ரத்தக்காட்டேரி பயம் பிடித்த ஒரு கிராமத்தின் கதை. 'டிராகுலா' பிடித்தவர்களுக்கு இது நெருக்கமாக இருக்கும். பழங்கால மர்மமும் மந்திரமும் வேண்டும் என்றால் 'பிரம்ம ராக்ஷஸ்'. சாவைத் தாண்டிப் போக ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் கதை. மொழி கொஞ்சம் கனமாக இருக்கும், நிதானமாகப் படிக்கணும்.

பயந்தது போதும், கொஞ்சம் சிரிக்கலாம் என்றால் இரண்டு கதைகள். 'வேதாளம் சொன்ன கதை', விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கான கிண்டல். 'காலனும் கிழவியும்' கதையில் எமன் ஒரு கிராமத்துக் கிழவியைக் கூட்டிப்போக வருகிறான். பயப்பட வேண்டியவள் பயப்படாவிட்டால் எமன் பாடு என்ன ஆகும் என்று காட்டியிருப்பார்.

கடைசியாக 'மகாமசானம்'. தலைப்புக்குப் பெரிய சுடுகாடு என்று அர்த்தம். ஆனால் கதையில் பேயும் இல்லை, சுடுகாடும் இல்லை. சென்னை மவுண்ட் ரோடு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் இறந்துகொண்டிருக்கிறார். ஊர் அதன் பாட்டுக்கு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். இந்தப் பட்டியலிலேயே அதிகம் உறைய வைப்பது இதுதான்.

அவரைத் துரத்திய நிஜ பயம்

1943-ல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியிலிருந்து விலகியபோது புதுமைப்பித்தனும் கூடவே வெளியேறினார். சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி' பத்திரிகையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அதன்பின் சினிமாவுக்குப் போனார். சொந்தமாகப் படம் எடுக்க நினைத்து ஒரு கம்பெனி தொடங்கினார். அதன் பெயர் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ். எட்டு வயதில் இழந்த அம்மாவின் பெயர் பர்வதம். அந்தக் கம்பெனி எடுக்க நினைத்த 'வசந்தவல்லி' வெளிவரவே இல்லை. பணம்தான் போனது.

அப்புறம் எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுத புனேவுக்குப் போனார். அங்கே காசநோய் முற்றியது. அந்தக் காலத்தில் டி.பி. என்ற பேரைக் கேட்டாலே வீடு நடுங்கும். அதற்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1948-ல் அது இந்தியாவில் சம்பளம் இல்லாத ஓர் எழுத்தாளரின் கைக்கு எட்டும் மருந்தாக இல்லை.

நோயோடு மனைவி இருந்த திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தார். 1948 ஜூன் 30 அன்று அங்கேயே இறந்துபோனார். அப்போது மகள் சிறு குழந்தை. இறந்த பிறகுதான் குடும்பத்துக்காக நிதி திரட்டப்பட்டது. வறுமையில் நோயோடு படுத்திருக்கும் மனைவி, பக்கத்தில் எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும் கணவன் என்று அவர் எழுதிய கதை 'செல்லம்மாள்'. அது வெளிவந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நிஜத்தில் படுத்திருந்தது கணவன். பக்கத்தில் இருந்தது மனைவி.

எங்கே கிடைக்கும்?

நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951-லேயே அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிவிட்டார். முழுமையாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு அதுதான் முதல் புத்தகம். கதைகள் எல்லாவற்றையும் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, காலச்சுவடு 2000-ல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. 2002-ல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. அதனால் இணையத்திலும் இலவசமாகவே படிக்கலாம். போனில் பத்து நிமிஷம் போதும், 'காஞ்சனை'யை முடித்துவிடலாம்.

விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கிறதா, போட்டுட்டே படிக்கிறதா என்பது உங்கள் இஷ்டம். பேய் மேல நம்பிக்கை இல்லாதவர்கள் போட்டுட்டே படிப்பது நல்லது.